குசினிச் சுவரில் படியும் கறுப்பு

மாரி மழைக்குள் ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஈர விறகு பிடிக்கவில்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொளுத்தி அடுப்புக்குள் வைத்தார். "இந்த மழைக்கு வேற என்னத்தால மூட்டுறது, பிள்ளை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால், புகைக்கரியைப் பகுத்துப் பார்ப்பதே என் வேலை. பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வுகூடத்தில் ஒரு சிட்டிகை கரியை வெற்றிடத்தில் வைத்து, அகச்சிவப்பு லேசரால் ஒரு கணம் சூடாக்குவோம். மூலக்கூறுகள் உடையாமல் ஆவியாக எழும்பும். உடனே 266 நனோமீற்றர் புறஊதா லேசர் குறுக்கே பாயும். பென்சீன் வளையங்கள் (ஆறு காபன் அணுக்கள் கொண்ட வளையங்கள்) ஒட்டிய அரோமற்றிக் சேர்வைகள் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சி, ஓர் இலத்திரனை இழந்து மின்னேற்றமுள்ள அயனாகும். நீருக்கும் நைதரசனுக்கும் அந்தச் சக்தி போதாது, அதனால் அவை குறுக்கிடுவதில்லை. அப்புறம் அயன்களை ஒரு குழாய்க்குள் ஓடவிடுவோம். பாரம் குறைந்தது முந்திவரும். வந்து சேரும் நேரத்தை வைத்துத் திணிவைக் கணிப்போம். அண்டார்ட்டிக்காவில் எடுத்த செவ்வாய்க் கிரகக் கல்லில் இச்சேர்வைகள் இருப்பதாக 1996இல் அறிவித்ததும் இந்த முறையால்தான்.

ரப்பர் எரிந்த கரியின் திணிவு வரைபில் 178, 202, 228, 252 என உச்சங்கள் எழும்பும். 252ஐக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். பென்சோபைரீன் வருவது அந்த இடத்தில்தான். அதன் ஒரு வகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அதே திணிவில் வேறு சேர்வைகளும் உண்டு. ஆகவே சேர்வைகளை ஆவியாக்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பிலும் பார்த்த பிறகே எது என்று அறுதியாகச் சொல்வோம்.

வெறும் விறகுப் புகையிலும் இவை உண்டு. காய்ந்த விறகு நல்ல காற்றோட்டத்தில் எரிந்தால் குறையும். ரியூப், ரயர், கழிவு ஒயில் சேர்ந்தால் கூடும். அடுப்புக்கு மேலே தொங்கும் கருவாட்டிலும் இந்தப் புகை படியும், பக்கத்தில் ஏணையில் கிடக்கும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும்.

வன்னியில் காவோலைக்கும் பன்னாடைக்கும் ஊமலுக்கும் பஞ்சமில்லை. ஐப்பசி மழை தொடங்கமுன் ஒரு கட்டு நனையாத இடத்தில் ஏற்றி வையுங்கள். சுவர்க் கரியை விளக்குமாற்றால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். புகைபோக்கி துப்புரவாக்கியவர்களின் தோலில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று லண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட் எழுதியது 1775இல்.