ரேசரைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன்

கும்பகோணத்தில் பித்தளைக் குடம் வாங்கப் போனால் கடைக்காரர் தராசில் வைத்துத்தான் விலை சொல்வார். அதைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, கனமான பொருள்தான் நல்ல பொருள் என்று எனக்கும் ஓர் எண்ணம். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் சேஃப்டி ரேசர் ஒன்றை 700 ரூபாய்க்கு வரவழைத்தேன். நல்ல கனம், முகம் தெரிகிற பளபளப்பு. முதல் ஷேவிலேயே இடது தாடையில் மூன்று கோடு. பிளேடு புதுசு, சோப்பு பழகியது, கையும் என்னுடையதுதான். மிச்சம் இருப்பது ரேசர்.

இதில் போடுவது சலூன் கத்தியில் போடும் அதே அரை பிளேடு. இரண்டு பக்கமும் கூரான சாதாரண பிளேடை நடுவில் உடைத்த பாதி. தடிமன் 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு ஏ4 தாள். அமெரிக்காவில் ஜெம் வகை ரேசர்களுக்கென்று வரும் ஒற்றை முனை பிளேடு சுமார் 0.23 மில்லிமீட்டர். இரண்டு மடங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 2.3 × 2.3 × 2.3 போட்டால் 12 வருகிறது. அந்தத் தடித்த பிளேடு தன் சொந்த பலத்தில் நிற்கும். நம் அரை பிளேடுக்கு அந்தத் தெம்பு கிடையாது, ரேசர் பிடிக்கிற பிடிதான் அதற்கு முதுகெலும்பு.

பிடி எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்தில் மேசை ஓரத்தில் ஸ்கேலை நீட்டி வைத்து நுனியைத் தட்டி விளையாடியிருப்போம். நீட்டம் கூடினால் ஆட்டமும் கூடும். இங்கேயும் முப்படிக் கணக்குதான்: பிடிக்கு வெளியே பிளேடு 1 மில்லிமீட்டருக்குப் பதில் 2 மில்லிமீட்டர் நீண்டால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். வளைந்த முனை முடி அறுபட்டதும் துள்ளித் திரும்பும். அந்த நடுக்கம்தான் தோலைக் கீறுகிறது.

இதைச் சோதிக்க ஒரு தாள் போதும். ரேசரில் பிளேடு இல்லாமல், பிளேடு உட்காரும் இடத்தின் இரண்டு ஓரங்களிலும் ஏ4 தாளில் வெட்டிய துண்டு ஒவ்வொன்றை வைத்து, மூடியைப் போட்டு முறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைப்பது அவசியம், இல்லாவிட்டால் மூடி தானாகவே சாயும். அப்புறம் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். என் ரேசரில் வலது பக்கத் தாள் கிழிந்தது. இடது பக்கத் தாள் வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்துவிட்டது, அந்தப் பக்கம் பிடியே இல்லை.

பிளேடைப் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கூர்முனைக்கும் கீழே இருக்கும் தடுப்புக்கும் நடுவே தெரியும் இடுக்கு, ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் அகன்றிருந்தது.

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தெரியும். அங்கே வண்டல் மண் அச்சில் பித்தளையை ஊற்றி, கடைசல் பிடித்து, பீடம், தண்டு, தட்டு என்று தனித்தனியாகச் செய்து மரை போட்டு முறுக்குகிறார்கள். ரேசரும் அப்படித்தானே என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளேடைக் கழற்றிவிட்டு, மூடியின் திருகை மட்டும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“மரை சாஞ்சு நிக்குது தம்பி. வெளக்குல இப்படி இருந்தா எண்ணெய் ஒரு பக்கமா வழியும்.”

“நிமித்திடலாமா அய்யா?”

“ஒடஞ்சிடும். இது பித்தளை இல்ல.”

விற்றவர்கள் ‘ஸ்டீல்’ என்று போட்டிருந்தார்கள். காந்தம் இங்கே உதவாது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகையும் அது இழுக்காது, பித்தளையையும் துத்தநாகக் கலவையையும் இழுக்காது. அடர்த்திதான் காட்டிக்கொடுக்கும். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ரேசரின் தலையை வைத்தேன்: 46 கிராம். அடுத்து தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, தலையை நூலில் கட்டி முழுக்க முங்கும்படி, அடி தொடாமல் தொங்கவிட்டேன். 6.9 கிராம் காட்டியது. அவ்வளவு கன சென்டிமீட்டர் தண்ணீரை அது விலக்கியிருக்கிறது. 46ஐ 6.9ஆல் வகுத்தால் 6.7. எஃகு என்றால் 7.9 பக்கம் வரவேண்டும், பித்தளை என்றால் 8.5 பக்கம். 6.6, 6.7 என்றால் சாமக். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், கொஞ்சம் மெக்னீசியமும் செம்பும் சேர்ந்த கலவை. (கைப்பிடியை இப்படி அளக்காதீர்கள், உள்ளே கூடாக இருந்தால் கணக்கு தப்பும்.)

சாமக் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சினால் சில நொடிகளில் இறுகும். சுவாமிமலையில் ஒரு சிலைக்கு ஒரு மண் அச்சுதான், வார்த்ததும் உடைத்துவிடுவார்கள். இங்கே ஒரே அச்சில் லட்சக்கணக்கில் எடுக்கலாம். மலிவாகக் கிடைப்பது அதனால்தான். அச்சு தேய்ந்த பிறகும் விடாமல் ஓட்டினால், பிசிரைச் சீவாமல் முலாம் போட்டால், காற்று சிக்கி உள்ளே புரை விழுந்தால்தான் வில்லங்கம்.

முலாம் பற்றி ஒரு வார்த்தை. மேலே மினுங்கும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. முலாம் போடும்போது மின்னோட்டம் உள்மூலைகளுக்கும் மரையின் பள்ளங்களுக்கும் சரியாக எட்டாது, அங்கே பூச்சு மெலிதாகவே விழும். ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால் போதும், துத்தநாகம் மற்ற உலோகங்களுக்கு முன்னால் தன்னைத் தின்னக் கொடுத்துவிடும். வெள்ளைப் பொடி பூக்கும், பூச்சு கொப்புளிக்கும், ஒருநாள் மரை அடியோடு முறியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் ஷேவ் செய்கிறவர்கள் கழுவித் துடைத்து வைப்பது நல்லது. வாங்கும்போது பளபளப்பை விட்டுவிட்டு மரையின் அடியைப் பாருங்கள்.

விற்றவர்களுக்குத் தாள் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். பேசாமல் வேறொன்று அனுப்பினார்கள். அதையும் தொங்கவிட்டுப் பார்த்தேன்: 6.6. அதே சாமக்தான். தாள் மட்டும் இரண்டு பக்கமும் கிழிந்தது. இப்போது தாடையில் கோடு விழுவதில்லை.