அப்போப்டோசிஸ்: உதிர்வா, மடிவா?

ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் அழற்சி பற்றிப் படித்தாலும் சொரியாசிஸ் என்ற தோல் நோய் பற்றிப் படித்தாலும் இந்தச் சொல் குறுக்கே வரும். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்வதுதான் அப்போப்டோசிஸ். செல் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரியும். பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். செல் உடைந்து சிந்தி அழற்சியைக் கிளப்பும் இறப்பான நெக்ரோசிஸ் வேறு.

1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூவரின் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. எடுத்துக் கொடுத்தவர் அபெர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். ‘அப்போ’ என்றால் விட்டு, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்தை விட்டு இலையும் பூவை விட்டு இதழும் விழுவதைச் சொல்வது. இரண்டாவது ‘ப்’ ஒலிக்கக் கூடாது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது, யார் கேட்டார்கள்! அதற்கும் முன்னால், பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலன் புண்ணின் பொருக்கு உதிர்வதை இச்சொல்லால் குறித்தார்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் பெரும்பாலும் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்லை மோப்பம் பிடிக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள்தான் அதை மடிய வைக்கின்றன. அப்போது சைட்டோகெரட்டின் 18 என்ற புரதம் வெட்டுப்பட்டு, அதன் துண்டு ரத்தத்தில் கலக்கும். அதை அளந்து செல் மடிவைக் கணிக்கலாம். சொரியாசிஸில் கதை தலைகீழ். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலே வரவேண்டிய தோல் செல்கள் சில நாளில் வந்து குவிகின்றன, எளிதில் மடிவதும் இல்லை. 311 நானோமீட்டர் புறஊதா ஒளி பலன் தருவதற்கு ஒரு காரணம், தோலில் உள்ள டி செல்களை அது மடியச் செய்வது. நோய் கடுமையாகி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை கேட்பார்கள். உறங்கும் பி வைரஸ் விழித்துவிடக் கூடும்.

சரி, தமிழில்? ‘திட்டமிட்ட உயிரணு இறப்பு’ விளக்கமே தவிரப் பெயரல்ல. ‘செல் தற்கொலை’ தலைப்புச் செய்திக்குப் போதும். கிரேக்கத்துக்கு நேர் ‘உதிர்வு’தான். ஆனால் சொரியாசிஸில் செதில் உதிர்கிறதே! அங்கே ‘உதிர்வு குறைவு’ என்று எழுதினால் நோயாளி நம்மை அடிக்க வருவார். பூவின் பருவங்களில் ‘வீ’ என்று ஒன்று உண்டு. வீதல் என்றால் இறத்தலும்கூட. பொருத்தம் அபாரம், ஆனால் ஓரெழுத்தை வைத்துக்கொண்டு ஆய்வக அறிக்கை எழுத முடியாது.

நான் எழுதுவது ‘தன்மடிவு’. ‘செல் தன்மடிந்தது’ என்று வினையாகவும் வரும். நெக்ரோசிஸுக்கு ‘நசிவு’ இருக்கவே இருக்கிறது.