உசிலை மரத்தை மூடும் ரப்பர் கொடி

மதுரையில் அந்நியத் தாவரம் என்று பேச்செடுத்தாலே சீமைக் கருவேலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதன் பக்கத்திலேயே வெளிர் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ரப்பர் கொடியை யாரும் சந்தேகிப்பதில்லை. தாவரக் கணக்கெடுப்புக்காகக் கண்மாய்க் கரைகளிலும் கோயில் காடுகளிலும் நடக்கும் எனக்கு, இப்போது பெரிய கவலை இந்தக் கொடிதான்.

இதன் பூர்வீகம் மடகாஸ்கர். அழகுக்காகவும் செடியில் வடியும் பாலில் உள்ள ரப்பருக்காகவும் பல நாடுகளுக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆற்றோரக் காடுகளையே இது மூடியது. கட்டுப்படுத்த 1990களில் மடகாஸ்கரிலிருந்து இந்தக் கொடியின் இலைகளைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து பரப்ப வேண்டியதாயிற்று.

தனியாக நின்றால் வெறும் புதர். அருகில் உசிலையோ வெப்பாலையோ இருந்தால் நீண்ட தண்டுகளை நீட்டி உச்சிவரை ஏறிவிடும். பிறகு மரத்துக்கு வெயில் கிடைக்காது, கிளைகள் பட்டுப்போகும். அடியில் விழுந்த மரத்தின் விதை முளைத்தாலும் தேறாது. சில ஏக்கரே உள்ள கோயில் காட்டில் ஒரு தாய்மரம் போவது சிறிய இழப்பல்ல.

ரப்பர் கொடியின் இலைகள் எதிரெதிராக, தடித்துப் பளபளப்பாக இருக்கும். காய்கள் இரண்டிரண்டாக, விளிம்புகள் எழும்பி விறைப்பாக நிற்கும். எருக்கின் குடும்பம் என்பதால் விதைகளில் பட்டு இழை உண்டு. காய் வெடித்தால் காற்றும் ஓடைநீரும் கொண்டு போகும். பால் வடிகிறது என்பதற்காக எந்தக் கொடியையும் பிடுங்கிவிடாதீர்கள். நன்னாரியிலும் வேலிப்பருத்தியிலும் பால் உண்டு. வேலிப்பருத்தியின் இலை இதய வடிவில் இருக்கும், காயில் மென்முட்கள் இருக்கும். ஆர்வத்தோடு களையெடுத்தவர்கள் போட்ட குவியலில் நன்னாரி வேரைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ஆடு மேய்ப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது: இந்தச் செடியில் இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது. தின்றால் கால்நடை செத்துப்போகலாம்.

அரிவாளால் வெட்டிவிட்டு வந்தால் மறுபடி தழைக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்கும் முன், இளஞ்செடியை வேரோடு பிடுங்குங்கள்; முதிர்ந்ததைத் தோண்டி எடுங்கள். மரத்தில் படர்ந்ததை இழுக்காதீர்கள், கிளை முறியும். அடியைத் துண்டித்து வேரை எடுத்துவிட்டால் மேலே இருப்பது தானாகக் காய்ந்துவிடும். கையுறை அவசியம், பால் கண்ணில் படக் கூடாது. காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தை மறுபடியும் பாருங்கள். மண்ணில் கிடந்த விதைகள் முளைத்திருக்கும்.