குணமா, கோளாறா: பழைய லென்ஸ் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் ஒன்றை என் பட்டறை மேசையில் வைத்தார். இணையத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 140 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது. விற்பனைக் குறிப்பில் ‘கனவு போன்ற தோற்றம், அசல் விண்டேஜ் கேரக்டர்’ என்று எழுதியிருந்ததாம். ஃபோக்கஸ் வளையம் இறுகிக் கிடக்கிறது என்பதுதான் அவர் கொண்டுவந்த குறை. நான் வழக்கம்போல் லென்ஸின் பின்பக்கம் சிறு டார்ச்சைப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். ஒளி நுழையும் துளையைத் திறந்து மூடும் அபர்ச்சர் இதழ்களை ஒட்டிய கண்ணாடிப் பரப்புகளில், ஆறிய பாலில் படியும் ஆடையைப் போல, மெல்லிய வெண்படலம் தெரிந்தது. ஃபோக்கஸ் மரைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இட்ட கிரீஸ் நாள்பட ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால் வருவது அது. பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதியதை இட்டு, படலத்தையும் நீக்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். “அண்ணே, வளையம் நல்லா வழுக்கிட்டுப் போகுது. ஆனா படத்துல இருந்த அந்த மந்தாரம் போயிடுச்சே. அதுக்காகத்தானே வாங்கினேன்!”

போனது கிரீஸ் படலம் மட்டுமே. லென்ஸின் குணம் என்று சொல்லத்தக்கது எதுவோ, அது அப்படியே இருந்தது. ஆனால் அவர் காசு கொடுத்தது முதலாவதற்கு. இது அவர் ஒருவருடைய கதையன்று என்பதாலும், பழைய லென்ஸ்களின் விலை ஏறிக்கொண்டே போவதாலும், எது குணம், எது கோளாறு என்பதைச் சற்று விரிவாக எழுதத் தோன்றியது.

ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியை மறுபுறம் ஒரே புள்ளியாகச் சேர்ப்பதே லென்ஸின் வேலை. கோள வடிவில் தேய்த்த கண்ணாடியால் அந்த வேலையை முழுதாகச் செய்ய முடியாது. ஓரத்தில் நுழையும் கதிர் ஓரிடத்திலும், நடுவில் நுழையும் கதிர் வேறோரிடத்திலும் குவியும். நீலம் ஓரிடத்திலும் சிவப்பு வேறோரிடத்திலும் குவியும். இவற்றுக்குப் பிறழ்ச்சிகள் என்று பெயர். நிறத்தைச் சாராத பிறழ்ச்சிகளை 1850களில் ஜெர்மானியக் கணித அறிஞர் லுட்விக் ஸைடல் ஐந்தாக வகுத்தார். வடிவமைப்பாளர் ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். எல்லாவற்றையும் அடக்கக் கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எடையும் விலையும் கூடும். எதை அடக்குவது, எதை எந்த அளவுக்கு விட்டுவைப்பது என்று அவர் எடுத்த முடிவின் மிச்சமே நாம் படத்தில் காணும் தனித்தன்மை. ஒரே அச்சில் வந்த லென்ஸ்கள் அனைத்திலும் அது ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகப்படம் எடுப்பவர்களுக்கு மிக நெருக்கமானது கோளப் பிறழ்ச்சி. ஓரக் கதிர்கள் சற்று முன்னதாகவே குவிந்துவிடும்படி விட்டுவைத்த லென்ஸை முழுத் துளையில் திறந்து எடுத்தால், கண்ணிமை கூர்மையாகத் தெரிந்தாலும் அதைச் சுற்றி மெல்லிய ஒளி கசிந்திருக்கும். பின்னணியில் உள்ள விளக்குகள் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் கரைந்தும் விழும். அதனால் பின்புறம் மிருதுவாகத் தெரியும். அதே லென்ஸில் முன்னணியில் மங்கும் பொருள்களுக்கு விளிம்பு கடினமாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மணமக்களுக்கு முன்னால் தொங்கும் பூச்சரம் உறுத்தலாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுவே காரணம். பிறழ்ச்சியை எதிர்த்திசையில் அளவுக்கு மீறித் திருத்திய லென்ஸில் எல்லாம் தலைகீழாகும்: பின்னணி விளக்குகள் விளிம்பு மின்னும் வட்டங்களாக, சோப்புக் குமிழிகளைப் போல் நிற்கும். மூன்றே கண்ணாடிகள் கொண்ட மேயர் கோர்லிட்ஸ் ட்ரையோபிளான் 100 மி.மீ. அதற்குப் பேர்போனது. 1990களில் நிக்கான் வெளியிட்ட டி.சி. வரிசை லென்ஸ்களில் ஒரு வளையத்தைத் திருப்பி இந்தப் பிறழ்ச்சியைப் பின்னணிக்கோ முன்னணிக்கோ வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். பலர் அதை ஏதோ மென்மையாக்கும் வித்தை என்று எண்ணி முழுக்கத் திருப்பிவிட்டு, படம் மங்குகிறது என்று என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஹீலியோஸின் புகழ் அதன் சுழலால் வந்தது. ஜெர்மனியின் பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 லென்ஸை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) அடியொற்றிச் சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்டது இது. துளையை முழுதாகத் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் ஆளை நிறுத்தி, அவருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளித் தூங்குமூஞ்சி மரம் இருக்கும்படி எடுத்துப் பாருங்கள். இலைகளின் இடுக்கில் தெரியும் வானத்துண்டுகள் படத்தின் நடுவில் வட்டமாகவும், ஓரம் செல்லச் செல்லக் கண் வடிவிலும் இருக்கும். சாய்ந்து வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெட்டுவதால் வட்டம் அப்படி ஒடுங்குகிறது. ஒடுங்கிய கண்கள் யாவும் நடுப்புள்ளியைச் சுற்றி வரிசை கட்டி நிற்பதாலும், ஓரத்துப் பிறழ்ச்சிகள் அதற்குத் துணை நிற்பதாலும் மரமே சுழல்வதுபோல் தோன்றுகிறது. எஃப் 4-க்கு மூடினால் சுழல் ஏறக்குறைய மறைந்துவிடும். சிறிய சென்சார் உள்ள கேமராவில் மாட்டினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, சுழலில் பெரும்பகுதி படத்துக்குள்ளேயே வராது. வெற்றுச் சுவரின் முன் நிறுத்தி எடுத்துவிட்டு, சுழலவில்லை என்று லென்ஸைக் குறை கூறுவோரும் உண்டு. 1840-ல் வியன்னாவில் யோசேப் பெட்ஸ்வால் வடிவமைத்த முகப்பட லென்ஸின் படங்களிலும் இத்தகைய சுழல் உண்டு.

இதழ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறு இதழ் என்றால், மூடும்போது விளக்குகள் அறுகோணமாக விழும். வளைந்த இதழ்கள் வட்டத்தைக் காக்கும். முழுத் துளையில் இதழ்கள் ஒதுங்கிவிடுவதால் எண்ணிக்கைக்கு அங்கே வேலை இல்லை. விற்பவர்கள் இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம், எண்ணிச் சொல்ல எளிது என்பதே என்று நினைக்கிறேன்.

கண்ணாடியில் பட்டு ஒளி திரும்புவதைக் குறைக்க அதன்மேல் இடும் பூச்சுதான் நம் ஊர்க் கல்யாணங்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஹீலியோஸ் போன்ற ஆறு கண்ணாடி லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லையென்றால் வரும் ஒளியில் கால் பங்குக்கு மேல் வழியிலேயே சிதறிப்போகும். அதில் ஒரு பகுதி உள்ளேயே முட்டி மோதிப் படத்தின்மேல் வெளுப்பாகப் படியும். 1890களில் ஹரால்ட் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், நாட்பட்டு மேற்பரப்பு நிறம் மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிடக் கூடுதல் ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். நிறம் மாறிய அந்த மேற்பரப்பே ஒரு பூச்சுபோல் வேலை செய்தது. 1935-ல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாந்தர் ஸ்மாக்குலா வெற்றிடத்தில் பூச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த பல அடுக்குப் பூச்சு, திரும்பும் ஒளியை ஒரு பரப்புக்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது.

கோயில் மண்டபத்தில் இது எப்படித் தெரியும் என்றால், குத்துவிளக்கு ஒரு மூலையில் எரியும்போது ஒற்றைப் பூச்சு லென்ஸில் நிழல்கள் எல்லாம் சற்றுத் தூக்கிவிட்டாற்போல் வெளிறும். சிவந்த முகத்தில் அது மென்மையாகத் தெரியலாம். நம்மவர்களின் மாநிறத்திலும் கருநிறத்திலும் கன்னத்தின் ஆழமும் பொலிவும் சாம்பல் பூசியதுபோல் போய்விடும். வாடிக்கையாளரிடம் ‘இது விண்டேஜ் தோற்றம்’ என்று சொல்லிச் சமாளிப்பதைவிட, கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை, பக்கத்து ஒளியை மறைக்கும் லென்ஸ் ஹூடுக்கு ஒதுக்குவது மேல். பட்டுப் புடவையின் சரிகை மற்றொரு நல்ல ஆசான். ஒவ்வொரு இழையும் ஒரு புள்ளி விளக்கைப் போல் மின்னுவதால், நிறப் பிறழ்ச்சி மிகுந்த லென்ஸில் குவியத்துக்கு முன்னால் உள்ள சரிகை ஊதாவாகவும் பின்னால் உள்ளது பச்சையாகவும் விளிம்பிட்டிருக்கும்.

சில மாற்றங்கள் வயதால் வருபவை. பழைய சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் பெரும்பாலான படிகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது ஆண்டுகள் செல்லச் செல்லத் தேநீர் நிறத்துக்கு மாறும். புற ஊதா விளக்கின் அடியில் சில நாள்களோ வாரங்களோ வைத்தால் பெருமளவு தெளியும். வெயிலில் வைத்தும் தெளிவிக்கலாம்தான். ஆனால் சூரியனைக் குவிக்கும் கண்ணாடியைத் தாழ்வாரத்தில் கேட்பாரற்று வைத்துவிட்டுப் போனால் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இனிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி. பழைய லென்ஸ் பெரும்பாலும் ஏதேனும் ஓர் எம்ஆர்டி ரயில் நிலைய வாயிலில் ஐந்து நிமிடத்தில் கைமாறுகிறது. அந்த ஐந்து நிமிடம் போதும். கைப்பேசி விளக்கைப் பின்பக்கம் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைத்த இழைகள் பூசணம், சீரான மந்தம் கிரீஸ் படலம், விளிம்பில் வானவில் நிறத்தில் பிரியும் திட்டு ஒட்டுப்பசை விட்டுப்போனதன் அடையாளம். இரண்டொரு தூசி கிடந்தால் கவலை வேண்டாம். அடுத்து, வெளிச்சமான கூரை விளக்கொன்று சட்டகத்துக்குள் வரும்படி, கறுப்புப் பையொன்றை எஃப் 8-ல் படம் எடுங்கள். பிறழ்ச்சியால் வரும் ஒளிக்கசிவு, துளையை மூட மூடக் குறைந்து எஃப் 4-க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எஃப் 8-லும் கறுப்பு கறுப்பாக விழாமல் படம் முழுதும் பால் ஊற்றியதுபோல் இருந்தால், அதன் காரணம் பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த அழுக்காகவே இருக்கும்.

மூன்றாவது சோதனையை நான் வீட்டில் இரவில் செய்வேன். எதிர் புளோக்கின் தாழ்வாரத்தில் தனியாக எரியும் ஒரு விளக்கை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து, ஃபோக்கஸை வேண்டுமென்றே விலக்கி எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் ஓர் ஒளித்தட்டு கிடைக்கும். லென்ஸின் ஜாதகமே அதில் எழுதியிருக்கும். நடுத்தட்டு வட்டமாகவும், நான்கு மூலைத் தட்டுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போலவும் இருந்தால் வடிவமைப்பு சொன்னபடி நடக்கிறது. நடுத்தட்டின் ஒளி ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தாலோ, ஒரு மூலை மட்டும் தனித்துக் கோணியிருந்தாலோ, எங்கோ ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. கீழே விழுந்ததாகவோ அரைகுறையாகப் பிரித்துப் பூட்டியதாகவோ இருக்கலாம். பூசண இழைகள் தட்டுக்குள் வேர்போல் அப்படியே தெரியும். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோன்ற வளையங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் வார்த்த கோளமற்ற கண்ணாடியின் சுவடு அது, புதிய லென்ஸ்களிலும் உண்டு.

ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இந்தத் தீவில், நல்ல குணமுள்ள லென்ஸையும் கோளாறாக்க ஒரு பருவமே போதும். பூசணம் சுரக்கும் அமிலம் பூச்சையும், விட்டுவைத்தால் கண்ணாடியையும் அரிக்கும். அரித்த தடம் எந்தத் துடைப்புக்கும் போகாது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட்டை 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் லென்ஸைப் புதைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஈரம் போகிறதோ இல்லையோ, தவிட்டுத்தூள் வளையத்துக்குள் நிச்சயம் போகும், அதை எடுக்கும் கூலி கேபினெட் விலையில் ஒரு பங்காவது வரும். குளிரூட்டிய ஹோட்டல் மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது லென்ஸை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவைத்தால் கண்ணாடியில் பனித்துப்போவதைத் தவிர்க்கலாம்.

ஹீலியோஸ் தம்பிக்கு மறுபடி கிரீஸைப் பூசிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒளியைச் சற்றுப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஷன் ஃபில்டர் ஒன்று இழுப்பறையில் கிடந்தது; அதை மாட்டிக் காட்டினேன். அவர் தேடிய மந்தாரம் திரையில் அப்படியே வந்தது. எடுத்துப் போனவர் அடுத்த மாதம் ஒரு கோயில் கல்யாணத்தின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். மாலை மாற்றும் வரை ஃபில்டர் போட்டிருந்தாராம்; ஓமப்புகை எழுந்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டாராம்.