வேகமா பரவுறது வேற, வீரியம் வேற

2020ல காரைக்குடி பக்கம் ஒரு வீட்ல ஒருத்தருக்கு கொரோனா வந்தா மத்தவங்க தப்பிச்ச கதையும் நெறைய உண்டு. அதோட ஒமிக்ரான் வகை வந்தப்ப முகப்புல ஈசிசேர்ல இருந்த ஐயால ஆரம்பிச்சு ரெண்டாங்கட்டு, அடுப்படி வரைக்கும் ஒரே வாரத்துல வீடு முழுக்க இருமல். “வைரஸ் வீரியமாயிருச்சுப்பா”ன்னாங்க ஆச்சிமாருக. வீரியம் கூடல, சொல்லப்போனா கொஞ்சம் கம்மிதான், பரவுற வேகம்தான் கூடிருச்சு.

இந்த வைரஸோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபுக் குறிப்பு, கிட்டத்தட்ட 30,000 எழுத்து. நம்ம செல்லுக்குள்ள பூந்து காப்பி எடுக்கும்போது அங்கங்க எழுத்து மாறிரும். முக்காவாசி மாற்றம் ஒண்ணுக்கும் உதவாது, சிலது வைரஸுக்கே கெடுதல். எப்பவாவது ஒண்ணு பரவுறதுக்கு தோதா அமைஞ்சிருச்சுன்னா அந்த வம்சம் மத்ததையெல்லாம் ஓரங்கட்டிரும். வைரஸ் யோசிச்சு பண்றதில்ல, எல்லாம் தற்செயல்.

மாற்றம் முக்கியமா வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கிற ஸ்பைக் புரதத்துலதான் பாக்கணும், நம்ம செல்லுல இருக்க ஏசிஇ2ங்கிற புரதத்த பிடிச்சுக்கிறது அதுதான். ஆல்ஃபா வகையில ஸ்பைக்கோட 501வது இடம் மாறி பிடி இறுகிருச்சு. டெல்டா வகையில 681வது இடம். செல்லுக்குள்ள நுழையணும்னா ஸ்பைக் முதல்ல ரெண்டா வெட்டுப்படணும், டெல்டால அந்த வெட்டு ரொம்ப சுளுவா விழுந்துச்சு, அதுனால மூக்கு தொண்டையில வைரஸ் எக்கச்சக்கமா சேந்துச்சு.

ஒமிக்ரான் ரூட்டே வேற. ஸ்பைக்ல மட்டும் 30க்கு மேல மாற்றம். ஏற்கனவே தடுப்பூசியாலயோ நோயாலயோ உண்டான ஆன்டிபாடிக்கு, அதான் வைரஸ பிடிச்சு தடுக்கிற நம்ம உடம்பு புரதத்துக்கு, அத சரியா அடையாளம் தெரியல, கண்டாங்கி சேலைய வச்சே ஆச்சிய கண்டுபிடிக்கிற சின்னப்புள்ள, ஆச்சி சுடிதார்ல வந்தா திருதிருன்னு முழிக்குமே, அந்த மாதிரி. இன்னொண்ணு, ஹாங்காங் பல்கலைக்கழகத்துல மனுச திசுவ வச்சு பாத்தப்ப 24 மணி நேரத்துல மூச்சுக்குழாய்ல ஒமிக்ரான் டெல்டாவ விட 70 மடங்கு பெருகுச்சு, நுரையீரல் திசுல பழைய வைரஸ விடவே ரொம்ப கம்மி. மேல இருந்தா இருமும்போது பேசும்போதெல்லாம் வெளிய வரும், உள்ள இறங்காததால நுரையீரலுக்கும் அவ்ளோ சேதம் இல்ல. ஆச்சிமாருக்கு நான் சொல்ற பதில் இதான்.

ஆனா நம்மாளுக கண்டுக்காத விசயம் ஒண்ணு இருக்கு, நாள் கணக்கு. ஒருத்தருக்கு தொத்தி அவரு அடுத்தவருக்கு குடுக்க எத்தன நாளாகுது? பழைய வகைக்கு 5 நாள், புதுசுக்கு 3 நாள்னு வைங்க, ரெண்டுலயும் ஒருத்தர் ரெண்டே பேருக்குதான் குடுக்குறாரு. கல்யாணப் பந்தியில ஒரே ஒருத்தர் நோயோட உக்காந்து சாப்பிட்டுப் போனா, 30 நாள் கழிச்சு அந்த சுத்துல மட்டும் பழையதுல 64 பேரு, புதுசுல 1,024 பேரு! சாந்தி கல்யாணம், பிள்ளையார் நோன்புன்னு சொந்தபந்தம் ஓயாம கூடுற ஊர்ல கேக்கவா வேணும், செக் பண்ணி ரிசல்ட் வர்றதுக்குள்ள அடுத்த ஆளுக்கு போயிருது.

இப்பல்லாம் வர்ற வகைக ஜெயிக்கிறது பெரும்பாலும் ஆன்டிபாடிக்கு டிமிக்கி குடுத்துதான். 2023 கடைசில ஜேஎன்.1ங்கிற வகை பரவுச்சே, அதுக்கு முந்தின பிஏ.2.86 வகையோட ஸ்பைக்ல இருந்து 455வது இடம் ஒண்ணுதான் மாறிருந்துச்சு. ஆனா நோய எதிர்க்கிற நம்ம டி செல்லுக வைரஸோட பல துண்டுகள பாத்து வச்சுக்கிறதால அதுககிட்ட இந்த வேலை அவ்வளவா பலிக்கல, அதான் தொத்துனாலும் நெறைய பேருக்கு காய்ச்சல் இருமலோட போயிருது.