ஈரத்திலேயே இறுகும் எலும்பு மாவு

கட்டியை அகற்றிய பிறகு மண்டையோட்டில் ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. ஓரமெல்லாம் கோணல்மாணல். உலோகத் தகட்டை அந்த வடிவத்துக்கு வெட்டிப் பொருத்துவது பெரும்பாடு. பிசைந்து அமுக்கினால் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும் மாவு ஒன்று இருந்தால் வேலை சுலபம். அதுதான் எலும்பு சிமெண்ட்.

இதில் பழைய வகை அக்ரிலிக், ஒருவகை பிளாஸ்டிக். 1950களின் இறுதியில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்த இதைத்தான் பயன்படுத்தினார். பொடியையும் திரவத்தையும் கலந்தால் முதலில் கூழாக இருக்கும்; அப்புறம் கையுறையில் ஒட்டாத பதம் வரும். இறுகும்போது நன்றாகச் சுடும். பெயர்தான் சிமெண்ட், உண்மையில் இது ஒட்டுவதில்லை. எலும்பின் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. எத்தனை வருடம் ஆனாலும் எலும்பாக மாறாது.

1980களில் அமெரிக்காவின் பல் ஆராய்ச்சியாளர்கள் வால்டர் பிரவுனும் லாரன்ஸ் சோவும் வேறு வழியில் போனார்கள். இரண்டு விதமான கால்சியம் பாஸ்பேட் பொடிகளைத் தண்ணீரில் குழைத்தார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, நீரில் சேரும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்ஸிஅபடைட்டாகப் படிகின்றன. எலும்பிலுள்ள தாதுவுக்கு நெருங்கிய உறவு அது. ஊசி ஊசியாக வளரும் படிகங்கள், முட்செடிகள் போல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, மாவு கல்லாகிறது. இது காய்ந்து இறுகுவதல்ல, ஈரத்திலேயே இறுகுவது. சூடும் பெரிதாக இல்லை. உடலுக்குள் வைக்க இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் பதம் பிடிப்பதில்தான் தலைவலி. தண்ணீர் கூடினால் குழைவது எளிது. ஆனால் தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்துளையாகி வலு குறையும். தண்ணீரைக் குறைத்தால், சிரிஞ்சில் அழுத்தும்போது நீர் மட்டும் முன்னால் வந்துவிட்டு, பொடி பின்னால் அடைத்துக்கொள்ளும். ரத்தம் பட்டால் இறுகும் முன்பே கரைந்து ஓடலாம். அதற்காக செல்லுலோஸ் வகைப் பசையோ கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டோ சேர்க்கிறார்கள். சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட்டைச் சேர்த்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும், குறைந்த நீரிலேயே மாவு வழுக்கிக்கொண்டு வரும்.

இறுகியதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறை வெகு எளிமையானது. குறிப்பிட்ட எடையுள்ள ஊசியை மெதுவாக மேலே வைப்பார்கள். தடம் பதியாவிட்டால் இறுகிவிட்டது. அறுவை அறையில் அந்த ஊசி கிடையாது. படிகங்கள் பின்னத் தொடங்கிய பிறகு, 'ஓரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சரிசெய்வோமே' என்று தொட்டால் உள்ளே விரிசல் விழும். அந்த விரிசல் பிறகு ஒட்டுவதில்லை.

வைத்ததை உடல் பல மாதங்களாக, சில சமயம் ஆண்டுக்கணக்கில், அரித்துத் தின்று அந்த இடத்தில் சொந்த எலும்பை எழுப்பப் பார்க்கும். ஆனால் நுண்துளைகளுக்குள் செல்கள் நுழைய முடியாது. அவற்றுக்கு ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அகலமாவது வேண்டும். சர்க்கரை போல நீரில் கரையும் மானிட்டால் என்ற பொருளின் படிகங்களைக் கலந்து அந்த அளவுக்குத் துளை உண்டாக்குகிறார்கள். துளை கூடக் கூட வலு மறுபடியும் இறங்குகிறது. இந்த சிமெண்ட் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். நார் சேர்த்துப் பார்க்கிறார்கள், ஓரளவு பலன் தெரிகிறது. எடை தாங்கும் இடுப்பு மூட்டில் சிமெண்ட் தேவைப்பட்டால், இன்றும் பழைய அக்ரிலிக்தான்.