பாலக்காட்டு எல்லையில் துப்பாக்கி உரிமம்: எந்த ரகம், யாருக்கு, எதற்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை பேச்சு வந்தாலே துப்பாக்கிப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. இளைஞர்கள் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பதையும் குறிபார்த்து அடிக்கும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் எது தரமானது, என்ன விலை என்று கேட்கிறார்கள். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே கடைக்குப் போய் ரகம் பார்ப்பதுதான் முதல் வேலை. நம் நாட்டில் முதல் வேலை, எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. எந்த ரகம் கிடைக்கும் என்பதை அந்தக் காரணம்தான் முடிவு செய்யும்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா போகும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். விசையை விடாமல் பிடித்தால் சடசடவென்று சுட்டுக்கொண்டே இருப்பது முழு ஆட்டோமேட்டிக். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் முழு ஆட்டோமேட்டிக்கைத் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்றே வகுத்திருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஆயுத விதிகளின் அட்டவணைப்படி அது பொதுவாகக் கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குள் வருகிறது. அந்த வகைக்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. பன்றி வருகிறது என்ற காரணத்தோடு அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

அப்புறம் 'போர்' சங்கதி. துப்பாக்கிக்காரர்கள் பேச்சில் போர் என்றால் குழலின் உள்விட்டம். ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரிய .303 அங்குலம், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய ரைஃபிள் எதுவாக இருந்தாலும், செமி ஆட்டோமேட்டிக் ஆனாலும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகமானாலும், கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். நெடுந்தூரச் சுடுதலுக்கு உலகமெங்கும் பெயர்போன .308 வின்செஸ்டர் தோட்டாவும் ராணுவத்தின் 7.62 நேட்டோ தோட்டாவும் அளவில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறவை. வீடியோவில் பார்த்து மயங்கிய ரைஃபிள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

சரி, சாதாரணக் குடிமகன் கேட்கக்கூடிய ரைஃபிளே இல்லையா? இருக்கிறது. ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315 போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் உரிமதாரர்களிடையே ரொம்ப காலமாகப் புழங்குவது. தக்க காரணம் இருப்பதாக ஆட்சியர் ஏற்றுக்கொண்டால் அந்த மாதிரி ரைஃபிளுக்கு உரிமம் தரலாம். ஏற்றுக்கொண்டால்தான்.

பயிர்க்காவல் என்று வரும்போது சட்டத்தின் சாய்வு வேறு பக்கம். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் ஏதும் இல்லாதபோது உரிமம் தர வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு மென்குழல் துப்பாக்கிக்கும் தரலாம், அதாவது குழலுக்குள் புரி வெட்டாத, நாம் 12 போர் என்று சொல்லும் ரகம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத மென்குழல் துப்பாக்கி. இந்த இரண்டுக்கும் சட்டமே வழி திறந்து வைத்திருக்கிறது. ரைஃபிளுக்கு அப்படி இல்லை, தகுந்த காரணத்தை நாம்தான் காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு நம் நிலத்துக்குப் பொருத்தமானது என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். சின்ன .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். பெரிய ரைஃபிள் தோட்டா அதைவிட வெகுதூரம். கிழக்குப் பாலக்காடு தட்டையான பூமி. நிலக்கடலைக் காட்டுக்கு அடுத்து தென்னந்தோப்பு, அதற்குள் ஒரு சாளை வீடு, அதைத் தாண்டி ரோடு. ராத்திரியில் பன்றியைத் தப்பிய தோட்டா எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 12 போரின் சின்ன ரவைக் குண்டு சில பத்து மீட்டரிலேயே வேகம் இழக்கத் தொடங்கிவிடும். பன்றியைக் கிட்டத்தில் வைத்துத்தான் சுட வேண்டும், அது சிரமம்தான். ஆனால் தோப்புச் சாளைக்குள் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

உரிமம் கையில் வந்ததும் பன்றியைச் சுடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அனுமதி. துப்பாக்கி ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது, பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் உத்தரவு தந்த பிறகுதான் சுடலாம்.

கேரளம் 2022 மே மாதம் இந்த அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு இறக்கிக் கொடுத்தது. பஞ்சாயத்து பிரசிடெண்டும் நகராட்சித் தலைவரும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற நிலையில் உத்தரவிடலாம். பஞ்சாயத்தின் பட்டியலில் உள்ள, உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் வந்து சுடுவார். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. பாலக்காட்டில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். செத்த பன்றியைக் கறியாக்கக் கூடாது. முறைப்படி புதைத்துக் கணக்கு எழுத வேண்டும். ஆகவே பன்றிதான் பிரச்சினை என்றால், துப்பாக்கி வாங்கும் அலைச்சலுக்கு முன் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

எல்லைக்கு அந்தப்பக்கம், கோபாலபுரம், ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் கதை வேறு. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடுவது, அதையும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் செய்வார்கள். தனியாருக்கு அதில் இடமில்லை.

நம்மில் பலருக்கு வீடு கேரளத்தில், விவசாயக் காடு தமிழ்நாட்டில். சிலருக்கு ஒரே வரப்பின் இரு பக்கமும் நிலம். துப்பாக்கி உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்று இருந்தால், வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டிய நிமிடமே கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. சாவடி இல்லாத வரப்பைத் தாண்டினாலும் அதே நிலைதான். பயிர்க்காவல் உரிமத்தில் இன்ன இடம் என்று இன்னும் குறுக்கியிருப்பார்கள். பஞ்சாயத்தின் பன்றி உத்தரவும் எல்லைக் கல்லோடு முடிந்துவிடும். அடிபட்ட பன்றி தமிழ்நாட்டுப் பக்கம் ஓடினால் துரத்திக்கொண்டு போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் வேறு. பரணில் கிடக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கிக்கும் இதுதான் சட்டம்.

விண்ணப்பம், குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து ஆட்சியரிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவத்தோடு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல் மன நலத்துக்கு டாக்டர் தரும் எஸ்-3 சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கு எஸ்-1 சான்று, வீட்டில் பூட்டி வைப்பேன் என்ற எஸ்-2 உறுதிமொழி எல்லாம் வேண்டும். பட்டா, வரி ரசீது, பயிர்ச்சேதத்தின் போட்டோ, முன்பு கொடுத்த புகார்களின் நகல் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள், காரணத்தை நிரூபிக்க அவைதான் கைகொடுக்கும். போலீஸ் அறிக்கை கட்டாயம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, கடிதத்தை அலமாரியில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. 2019 வரை 3 இருந்தது. அப்பா இறந்துபோனால் அவர் துப்பாக்கி தானாக மகனுக்கு வராது. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்க வேண்டும், அதுவரை துப்பாக்கியை போலீஸ் நிலையத்திலோ உரிமம் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமதாரருக்கு 70 வயதாகிவிட்டாலும், 25 ஆண்டு வைத்திருந்துவிட்டாலும், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

குறிபார்த்துச் சுடுவதில்தான் நிஜமான ஆசை என்றால் வழி ரைஃபிள் கிளப். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம், அடையாளச் சான்று போதும். 10 மீட்டர் பந்தயத்தில் அதைத்தான் சுடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கிளப்பில் உறுப்பினராகி இலக்குப் பயிற்சிக்கு .22 ரைஃபிள் கேட்டால், பயிர்க்காவல் துப்பாக்கிக்குத் திறந்த அதே 13-ஆம் பிரிவு இங்கேயும் திறக்கும். 50 மீட்டர் பந்தயம் அந்த .22-வில்தான், அதுவும் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் ஏற்றிச் சுடும் ரைஃபிள். செமி ஆட்டோமேட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. தேசிய ரைஃபிள் சங்கத்தின் போட்டிகளில் தகுதி பெற்றுப் பெயர் வாங்கிய வீரர்களுக்கு எண்ணிக்கையிலும் ரகத்திலும் தனிச் சலுகைகள் உண்டு, 2020-இல் அந்த எண்ணிக்கையை உயர்த்தவும் செய்தார்கள். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ரைஃபிள் ரைஃபிள் என்று துடித்தால் ஒரு ஏர் ரைஃபிளோடு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். கிளப்பில் மேற்பார்வையோடு பழக 21 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.